மூன்றே கியர், அறுபது ஆண்டு ஓட்டம்: பழைய ஆங்கிலேய சைக்கிள்கள் இன்னும் தேடப்படுவது ஏன்?

இன்று புதிதாக விற்கப்படும் சைக்கிள்களில் பதினெட்டு கியர், இருபத்தொரு கியர் என்று எண்ணிக்கையே முதல் விளம்பரமாக இருக்கிறது. அதே காலத்தில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு பெருங்கூட்டம், 1950-களிலும் 1960-களிலும் நாட்டிங்ஹாம் நகரில் செய்யப்பட்ட, பதினேழு கிலோ அளவுக்கு எடையுள்ள, மூன்றே மூன்று கியர் கொண்ட இரும்புச் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து வாங்குகிறது. வாங்கியவர்கள் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதில்லை; வேலைக்கும் கடைக்கும் ஓட்டிச் செல்கிறார்கள். மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களுக்கு நடுவே உள்ள பெப்பின் ஏரியைச் சுற்றி இவ்வகைச் சைக்கிள்களுக்கென்றே ஆண்டுப் பயணம் ஒன்று நடந்துவந்திருக்கிறது. புதியவை இவ்வளவு கிடைக்கும்போது பழையதன் மீது ஏன் இந்த நாட்டம் என்ற கேள்வி இயல்பானது.

பழம்பொருள் மோகம் என்ற பதில் போதாது. அதே வயதுடைய எத்தனையோ இயந்திரங்கள் மீது மோகம் இருந்தாலும் அவற்றை அன்றாடம் பயன்படுத்த முடிவதில்லை. இந்தச் சைக்கிள்களை முடிகிறது. அதற்குக் காரணங்கள் இரண்டு: ஒன்று, பின் ஹப்புக்குள், அதாவது பின் சக்கரத்தின் நடுவே அச்சைச் சுற்றியுள்ள உருளைக்குள், இருக்கும் கியர் அமைப்பு, மற்றொன்று, ஆங்கிலேய சைக்கிள் தொழில் படிப்படியாக ஒரே குடைக்குள் சுருங்கிய வரலாறு. இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் அதுதான் முதலாவதை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறது.

## எந்தச் சைக்கிளைப் பற்றிய பேச்சு இது

நாட்டிங்ஹாமின் ராலி நிறுவனம் செய்த ‘ஸ்போர்ட்ஸ்’ என்ற மாதிரியை இவ்வகையின் இலக்கணமாகக் கொள்ளலாம். இணைப்புக் குழல்களுக்குள் செருகிப் பற்றவைத்த எஃகுச் சட்டம், 26 x 1⅜ அங்குலச் சக்கரங்கள், கேபிள் பிரேக், இரும்பு மட்கார்டு, செயின் கவர், புரூக்ஸ் தோல் இருக்கை, வலது கைப்பிடிக்கு அருகே ஒரு சிறிய கியர் நெம்புகோல் என்பது அதன் அமைப்பு. இதற்கு மூத்தது ‘டூரிஸ்ட்’ எனப்படும் டி.எல்.-1. அதில் 28 x 1½ அங்குலச் சக்கரமும், ரிம்மின் உட்புறத்தை மேல்நோக்கி அழுத்தும் கம்பி பிரேக்கும் உண்டு. தமிழ்நாட்டில் பால்காரர் கேன்களைக் கட்டிச் சென்ற கறுப்புச் சைக்கிளை அறிந்தவர்களுக்கு டூரிஸ்டின் உருவத்தை விவரிக்கத் தேவையில்லை. இரண்டும் ஒரே வார்ப்பு.

ராலி, ரட்ஜ், ஹம்பர், ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ., ட்ரையம்ப், நார்மன் எனப் பெயர்கள் பல. இவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றின் பின் சக்கரத்திலும் இருந்தது ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப்.

## ஹப் பிறந்த கதை

ராலியின் அதிபர் ஃபிராங்க் பௌடன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கியரின் வணிக மதிப்பைக் கண்டுகொண்டார். பத்திரிகையாளரான ஹென்றி ஸ்டர்மி மூன்று கியர் ஹப் ஒன்றை வடிவமைத்து 1901-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். சால்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ரெய்லி என்ற பொறியாளர், அதற்கு முன்பே இரண்டு கியர் ஹப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர், தனியாக ஒரு மூன்று கியர் ஹப்பை உருவாக்கினார். ஆனால் பழைய ஒப்பந்தம் ஒன்றின்படி அவருடைய புதிய கண்டுபிடிப்புகளின் உரிமை முந்தைய நிறுவனத்துக்குப் போய்விடும் என்பதால், காப்புரிமை அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஆர்ச்சரின் பெயரில் பதிவானது. இரு வடிவமைப்புகளின் உரிமையையும் பௌடன் பெற்று, ஹப்பை அந்த இரு பெயர்களிலேயே சந்தைக்குக் கொண்டுவந்தார். அதனால்தான் நூறாண்டுக்கும் மேலாகக் கோடிக்கணக்கான சக்கரங்களில் ஸ்டர்மியின் பெயரும் ஆர்ச்சரின் பெயரும் நிலைத்திருக்க, முக்கியமான உழைப்பைத் தந்த ரெய்லியின் பெயர் எங்குமே பொறிக்கப்படவில்லை. இந்த அநீதியை மூன்று கியரைப் பற்றிப் பேசும் எவரும் நினைவில் கொள்ள வேண்டும்.

1903 முதல் பல மாதிரிகள் வந்து போயின. 1930-களின் பிற்பகுதியில் வந்த ஏ.டபிள்யூ. என்ற மாதிரியோடு வடிவமைப்பு நிலைபெற்றது. அதன் அடிப்படை அமைப்பு அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்குச் சிறு திருத்தங்களுடன் அப்படியே தொடர்ந்தது.

## உள்ளே என்ன நடக்கிறது

ஏ.டபிள்யூ. ஹப்பைத் திறந்தால் கிடைப்பது நான்கு உறுப்புகள்.

1. நடுப் பல்சக்கரம். இது 20 பற்கள் கொண்டது. அச்சோடு ஒன்றாக இருப்பதால் சுழலவே சுழலாது.
2. அதைச் சுற்றி உருளும் நான்கு சிறு பல்சக்கரங்கள். இவற்றைக் கோள் சக்கரங்கள் என்பர். இவை ஒரு கூண்டில் பொருத்தப்பட்டிருக்கும்.
3. உட்புறத்தில் 60 பற்கள் வெட்டப்பட்ட வளையச் சக்கரம். கோள் சக்கரங்கள் இதன் உட்பற்களோடு இணைந்திருக்கும்.
4. சிலுவை வடிவக் கிளட்ச். செயினிலிருந்து வரும் சுழற்சியை எந்த உறுப்புக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பது இதுவே. கைப்பிடியில் உள்ள நெம்புகோல் கேபிள் வழியாக அசைப்பது இந்த ஒன்றை மட்டும்தான்.

கோள் கூண்டு ஒரு சுற்று வரும்போது, அசையாத நடுச்சக்கரத்தின் மீது உருள வேண்டியிருப்பதால், வளையச் சக்கரம் அதைவிடக் கூடுதலாகச் சுழன்றாக வேண்டும். கணக்கு எளிது: 60-உடன் 20-ஐக் கூட்டினால் 80, 80-ஐ 60-ஆல் வகுத்தால் ஒன்றே மூன்றில் ஒன்று. மூன்று கியர்களும் இந்த ஒரே விகிதத்திலிருந்து பிறக்கின்றன.

1. மூன்றாம் கியர்: கிளட்ச் கோள் கூண்டைச் சுழற்றுகிறது, வளையச் சக்கரம் பின் சக்கரத்தை இழுக்கிறது. செயின் தரும் வேகத்தைவிடச் சக்கரம் 33 விழுக்காடு வேகமாகச் சுழலும்.
2. இரண்டாம் கியர்: கிளட்ச் வளையச் சக்கரத்தை நேரடியாகச் சுழற்ற, அதுவே சக்கரத்தையும் இழுக்கிறது. கோள் சக்கரங்கள் வெறுமனே உருளுமே தவிர விசையைச் சுமப்பதில்லை. சாதாரண சைக்கிளுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.
3. முதல் கியர்: கிளட்ச் வளையச் சக்கரத்தைச் சுழற்றுகிறது; ஆனால் இப்போது வளையத்தின் பிடிநாக்குகள் (ஒரு திசையில் மட்டும் ஹப் உருளையைப் பற்றி இழுக்கும் சிறு கொக்கிகள்) மடக்கப்பட்டுவிடுவதால், மெதுவாகச் சுழலும் கோள் கூண்டு சக்கரத்தை இழுக்கிறது. வேகம் 25 விழுக்காடு குறையும். மேட்டில் அதற்கேற்ப மிதிப்பது எளிதாகும்.

இந்த அமைப்பின் மேன்மை மூன்றாவதிலோ முதலாவதிலோ இல்லை, இரண்டாவதில் இருக்கிறது என்பது என் கருத்து. அன்றாடப் பயணத்தில் பெரும்பகுதி சமதரையில், நடுத்தர வேகத்தில் நடப்பது. அந்த வேளையில் பற்களின் உராய்வால் எதுவும் வீணாகாமல் நேரடி விசை கிடைக்கும்படி நடுக் கியரை அமைத்து, காற்றுக்கும் மேட்டுக்கும் மட்டும் பல்சக்கரங்களை வேலைக்கு அழைத்தது ஓட்டுபவரின் நாளை நன்கு அறிந்தவர்கள் எடுத்த முடிவு.

இந்தச் சைக்கிள்களின் புகழ்பெற்ற ‘டிக், டிக்’ ஒலியும் இங்கிருந்து வருவதே. இரண்டாம், மூன்றாம் கியர்களில் மிதிக்கும்போதே, கோள் கூண்டின் பிடிநாக்குகளைச் சக்கரம் முந்திச் செல்வதால் அவை தட்டிக்கொண்டே இருக்கும். முதல் கியரில் மிதிக்கும்போது அந்த ஒலி நின்றுவிடும். எந்தக் கியரில் செல்கிறோம் என்பதைக் குனிந்து பார்க்காமல் காதாலேயே அறிய முடியும்.

## வெளிக் கியரோடு ஒப்பிட்டால்

செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் தள்ளிவிடும் வெளிக் கியர் அமைப்பில், கியர் மாற்றப் பெடல் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். ஹப் கியருக்கு அந்தத் தேவை இல்லை. சிவப்பு விளக்கில் மூன்றாம் கியரில் நின்றுவிட்டாலும், நின்ற இடத்திலேயே நெம்புகோலைத் தட்டி முதல் கியருக்கு வந்துவிடலாம். நகரப் போக்குவரத்தில் இது சிறிய வசதியில்லை.

அடுத்தது செயின். ஹப் கியரில் செயின் எப்போதும் ஒரே நேர்கோட்டில் ஓடுகிறது, பக்கவாட்டில் வளைவதில்லை. எனவே தடித்த செயினைப் போடலாம், அதை முழுதாக மூடிவைக்கலாம், வேட்டியோ கால்சட்டையோ சிக்காது, மழைச்சேறும் ஏறாது. கியர் முழுவதும் எண்ணெயில் நனைந்தபடி மூடிய உருளைக்குள் இருப்பதால், பராமரிப்பு என்பது ஹப்பில் உள்ள சிறு மூடியைத் திறந்து அவ்வப்போது சில துளி மெல்லிய இயந்திர எண்ணெய் விடுவதோடு முடிந்துவிடுகிறது. கெட்டியான கிரீஸை உள்ளே விட்டால் பிடிநாக்குகள் ஒட்டிக்கொண்டு வழுக்கும்; இது பலரும் செய்யும் பிழை.

இரவு விளக்கிலும் இதே சிந்தனை இருந்தது. நம் ஊரில் பழகிய டைனமோ டயரில் உரசி ஓடுவதால் மிதிப்பதைக் கனமாக்கும், டயரையும் தேய்க்கும். ஸ்டர்மி-ஆர்ச்சரின் ‘டைனோஹப்’ காந்தத்தையும் கம்பிச்சுருளையும் ஹப்புக்குள்ளேயே வைத்தது. 6 வோல்ட் மின்சாரம் உரசல் இன்றிக் கிடைத்தது.

## பாகங்கள் ஏன் இன்னும் பொருந்துகின்றன

ஒரு நல்ல வடிவமைப்பு எழுபது ஆண்டுக்குப் பின்னும் பயன்பட வேண்டுமானால், உதிரிப் பாகம் கிடைக்க வேண்டும். இங்குதான் தொழில் வரலாறு உள்ளே வருகிறது.

ராலி 1932-இல் ஹம்பர் சைக்கிள் பெயரையும், 1943-இல் ரட்ஜையும், 1954-இல் ட்ரையம்ப் சைக்கிளையும், 1957-இல் பி.எஸ்.ஏ. சைக்கிளையும் வாங்கியது. மறுபுறம் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், நார்மன் ஆகியவை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற குழுமத்தின் கீழ் வந்தன. 1960-இல் அந்தக் குழுமம் ராலியையே வாங்கி, சைக்கிள் பிரிவு முழுவதையும் நாட்டிங்ஹாமின் நிர்வாகத்தில் ஒப்படைத்தது. பர்மிங்ஹாமின் தனித்தன்மை கொண்ட தொழிற்சாலைகள் பல இதனால் மறைந்தன. தொழிலாளருக்கும் அந்தப் பெயர்களை நேசித்தவர்களுக்கும் அது இழப்புதான்.

ஆயினும் அதே ஒருங்கிணைப்புதான், எதிர்பாராத விதமாக, இன்று இந்தச் சைக்கிள்களைக் காப்பாற்றுகிறது. வெவ்வேறு பெயர் தாங்கிய இலட்சக்கணக்கான சைக்கிள்களில் ஒரே ஹப், ஒரே நெம்புகோல், ஒரே அளவுச் சக்கரம். ராலி 1951-இல் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களைச் செய்தது. ஆகவே 1950-ஆம் ஆண்டு ஹப்பில் தேய்ந்த கோள் சக்கரத்துக்குப் பதிலாக 1970-ஆம் ஆண்டு ஹப்பிலிருந்து ஒன்றை எடுத்துப் போடலாம். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நிறுவனம் செய்த ஹப்பிலும் பெரும்பாலான பாகங்கள் பொருந்தும். உடைந்த சைக்கிள் ஒவ்வொன்றும் இன்னொன்றுக்கு உதிரிப் பாகக் கிடங்காகிறது.

பெயர்களின் தனித்தன்மையை நிறுவனம் முற்றிலும் அழித்துவிடவில்லை என்பதும் ஓர் ஈர்ப்பு. முன் பல்சக்கரத்தைப் பார்த்தாலே வண்டியை அடையாளம் சொல்லலாம். ராலியில் நாரைகள் வெட்டப்பட்டிருக்கும். ரட்ஜில் விரித்த கை. ஹம்பரில் கைகோத்த மனித உருவங்கள். ஹம்பரின் உயர்ரக வண்டிகளில் முன் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழலால் ஆனது. மலிவு விலைப் போக்குவரத்து வண்டிக்கு இத்தனை அக்கறையோடு வெட்டுவேலை செய்திருப்பதை நேரில் காணும் எவருக்கும் அதன் மீது மதிப்பு வராமல் இராது.

## அமெரிக்காவில் இவ்வளவு வண்டிகள் எப்படி

உலகப் போருக்குப் பின் பிரிட்டனுக்கு டாலர் தேவைப்பட்டது. சைக்கிள் அதன் முக்கிய ஏற்றுமதிப் பொருள்களில் ஒன்றானது. அன்றைய அமெரிக்கச் சைக்கிள்கள் பருத்த டயரும் ஒற்றைக் கியரும் கொண்ட, சிறுவர்களுக்கான கனமான வண்டிகள். அவற்றுக்கு அருகில் நாட்டிங்ஹாம் வண்டி மெலிந்தும் விரைந்தும் தெரிந்ததால், இங்கிலாந்தில் தொழிலாளி வேலைக்குப் போன அதே வண்டியை அமெரிக்கர்கள் ‘ஆங்கில ரேசர்’ என்றே அழைத்தார்கள். உள்நாட்டு உற்பத்தியாளர்களின் முறையீட்டால் 1955-இல் அதிபர் ஐசன்ஹோவர் இறக்குமதி வரியை உயர்த்தும் அளவுக்கு விற்பனை இருந்தது.

1970-களின் தொடக்கத்தில் பத்து கியர் பந்தய வகைச் சைக்கிள்களுக்கு மவுசு வந்தபோது, இந்த மூன்று கியர் வண்டிகள் வீட்டுக் கொட்டகைகளுக்குப் போயின. அதிகம் ஓடாமல், கழித்துக்கட்டப்படாமல் அங்கே கிடந்த வண்டிகளே இன்று வெளிவருகின்றன. பிரிட்டனில் அவை ஓடித் தேய்ந்தன. அமெரிக்காவில் தூங்கிப் பிழைத்தன.

## நம் ஊர் வண்டிக்கு மட்டும் கியர் ஏன் வரவில்லை

மேலே சொன்ன டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமமும் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949-இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் தமிழ்நாட்டுத் தெருக்களில் உள்ளூர்ப் பெயர்களாகவே மாறியது இதன் வழியாகத்தான். வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலி நிறுவனம் ராலி வண்டிகளைச் செய்தது. பின் சக்கரத்தில் 40 கம்பி, முன் சக்கரத்தில் 32 கம்பி என்ற ஆங்கிலேய வழக்கம்கூட நம் வண்டிகளில் அப்படியே தொடர்கிறது.

ஆனால் இங்கே பரவியது ஒற்றை ஃப்ரீவீல் வண்டிதான். சுமை தாங்கும் வலு, குறைந்த விலை, எந்த ஊர்க் கடையிலும் பழுதுபார்க்க முடிதல் ஆகிய மூன்றும் வாங்குபவரின் அளவுகோலாக இருந்த இடத்தில், கூடுதல் விலை கொண்ட ஹப்புக்கு இடமில்லாமல் போனது எளிதில் புரிந்துகொள்ளக்கூடியதே. நம் கைக்கு வந்தது அந்த மரபின் உடல். அதன் இயந்திரம் வரவில்லை.

## குறைகள்

விரும்பிகள் குறைவாகப் பேசும் பகுதி இது. வாங்க நினைப்பவர் கட்டாயம் அறிய வேண்டும்.

1. பிரேக். குரோமியம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் ஏறத்தாழ வேலை செய்யாது. ஸ்போர்ட்ஸ் வண்டியின் சக்கர அளவில் அலுமினிய ரிம்கள் கிடைக்கின்றன. அன்றாடம் ஓட்டுபவர் மாற்றிக்கொள்வதே அறிவு. கம்பி பிரேக் கொண்ட டூரிஸ்டுக்கு இந்த வழி எளிதாக இல்லை.
2. வெற்று இடம். பழைய ஏ.டபிள்யூ. ஹப்பில் இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு நடுவே கிளட்ச் எதையும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. கேபிள் சரியாக இல்லாமல், எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் கிளட்ச் அங்கே நழுவினால், பெடல் திடீரெனக் கீழே போய் ஓட்டுபவர் விழக்கூடும்.
3. உயரமான கியர்கள். முன்னே 46 பல், பின்னே 18 பல் என்பது வழக்கமான அமைப்பு. இதில் பெடலின் ஒரு சுற்றுக்கு இரண்டாம் கியரில் சுமார் 5.3 மீட்டர், முதல் கியரில் சுமார் 4 மீட்டர் வண்டி நகரும். மேடுள்ள ஊருக்கு இது கடினம். பின்னே 22 பல் போட்டால் இவை முறையே 4.3, 3.25 மீட்டராகக் குறையும். 1950-களுக்குப் பிந்தைய ஹப்களில் ஒரு வளையக் கம்பியை நெம்பி எடுத்தாலே பல்சக்கரம் கழன்றுவிடும் என்பதால் இந்த மாற்றத்துக்குச் செலவும் குறைவு.
4. ராலியின் தனிப் புரி. மற்றவர்கள் பெடல் அச்சுக் கிண்ணங்களுக்கு அங்குலத்துக்கு 24 புரி வைத்தபோது ராலி 26 புரி வைத்தது. கடையில் கிடைக்கும் புதிய கிண்ணம் பொருந்தாது. பழைய கிண்ணத்தைப் பாதுகாத்து, பால்ரஸ்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.
5. காட்டர் பின். கிராங்கை அச்சோடு பிடிக்கும் இந்த ஆப்பைச் சுத்தியால் அடித்துக் கழற்ற முயன்றால் வளைந்துவிடும், கிண்ணமும் சேதமாகும். அதற்குரிய அழுத்தும் கருவி வேண்டும்.

இரண்டாவது குறையைத் தவிர்க்கும் சரிபார்ப்பை எவரும் அரை நிமிடத்தில் செய்யலாம். நெம்புகோலை இரண்டாம் கியரில் வைத்து, பின் சக்கரத்தின் வலப்பக்க நட்டில் உள்ள சிறு சன்னலுக்குள் பார்க்க வேண்டும். கேபிளோடு இணைந்த குட்டிச் சங்கிலி உள்ளே ஒரு தண்டோடு சேர்ந்திருக்கும். அந்தத் தண்டின் விளிம்பு அச்சின் முனையோடு சரிமட்டமாக இருந்தால் சரி. இல்லையெனில் சங்கிலியருகே உள்ள திருகுகுழலைத் திருகிச் சரிமட்டத்துக்குக் கொண்டுவந்து பூட்டுநட்டை முடுக்க வேண்டும். கேபிள் அறுந்தாலும் வண்டி நின்றுவிடாது. உள்ளிருக்கும் சுருள்வில் கிளட்சை மூன்றாம் கியருக்குத் தள்ளிவிடும், வீடு சேரலாம்.

## இன்றைய நிலையும் வாங்கும் முன் பார்க்க வேண்டியவையும்

ஸ்டர்மி-ஆர்ச்சர் நாட்டிங்ஹாம் ஆலை 2000-இல் மூடப்பட்டு, பெயரும் இயந்திரங்களும் தைவானின் சன்ரேஸ் நிறுவனத்திடம் சென்றன. ராலி நாட்டிங்ஹாமில் சைக்கிள் செய்வதை 2002-இல் நிறுத்தியது. தைவானில் மூன்று கியர் ஹப் இன்றும் தயாராகிறது. அந்த ஆபத்தான வெற்று இடம் புதிய வடிவில் நீக்கப்பட்டுவிட்டது. உள்ளமைப்பு மாறியதால் புதிய பாகங்கள் எல்லாம் பழைய ஹப்புக்குப் பொருந்திவிடும் என்று எண்ணக் கூடாது.

பழைய வண்டியைப் பார்க்கப் போகிறவர் முதலில் துடைக்க வேண்டியது பின் ஹப்பின் உருளையைத்தான். எண்ணெய்க் கறைக்கு அடியில் மாதிரியின் எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளுக்கு அருகே 64, 5 என்று இருந்தால் அது 1964 மே மாதத்து ஹப். சக்கரம் இடையில் மாற்றப்படாதிருந்தால் சைக்கிளின் வயதும் அதுவே. எழுத்துகள் எஸ்.டபிள்யூ. என்று இருந்தால் கவனம் தேவை: 1950-களின் நடுவில் செலவைக் குறைக்கக் கொண்டுவரப்பட்ட அந்த மாதிரியின் பிடிநாக்குகள் நம்பகமாகப் பிடிக்காததால் சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது. அடுத்து இருக்கைத் தண்டு சட்டத்துக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். அது அசையாவிட்டால் உயரத்தைச் சரிசெய்யவே முடியாது. ஹப் எவ்வளவு நன்றாக இருந்தாலும், உடல் அளவுக்குப் பொருந்தாமல் இறுகிப்போன வண்டியை உதிரிப் பாகங்களின் விலைக்கு மேல் கொடுத்து வாங்க வேண்டியதில்லை.